பெரிய கட்டியும் சின்னக் கட்டியும்

திருச்சூர் நகைக்கடையில் கல்யாணப் பெண்களுக்கு மாலை எடுத்துக் காட்டுவது பீனாவின் வேலை. அன்று ஒரு பெண் கூச்சப்பட்டு, "சேச்சி, நீங்களே போட்டுக் காட்டுங்களேன்" என்றாள். பீனா போட்டுக்கொண்டாள். பெண்ணின் அம்மா மாலையைப் பார்க்கவே இல்லை, பீனாவின் கழுத்தையே பார்த்தாள்.

"மோளே, எச்சில் முழுங்கு. கழுத்துல என்னமோ ஏறி இறங்குதே!"

கண்ணாடியில் பீனாவும் பார்த்தாள். நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி.

வீட்டில் புருஷன் ஆன்டோ பதறிப்போனான். "நாளைக்கே அறுத்து, கழுத்தை முழுசா சுத்தம் பண்ணிரலாம்டி."

"என் கழுத்து என்ன கிணறா, தூர் வார?"

கேலி பேசிவிட்டாளே தவிர, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் சுமங்கலா நிதானமாகச் சொன்னார். "தைராய்டுல கட்டி எத்தனையோ பேருக்கு இருக்கு. முக்கால்வாசிக்கு மேல புற்றே இல்லை. நீங்க பயந்த பெரிய கட்டி வெறும் நீர்க்கட்டிதான்."

ஆன்டோ தன் தொண்டையைத் தடவினான். "டாக்டர், எனக்கும் ஒண்ணு தட்டுப்படுது!"

"அது ஆம்பளைங்களுக்குத் துருத்திட்டு இருக்கற குரல்வளை. கையை எடுங்க."

பீனா சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. "அதே பக்கத்துல, உள்ளே சின்னதா இன்னொண்ணு இருக்கு. ஓரம் ஒழுங்கா இல்லை, வெள்ளைப் புள்ளிகளும் தெரியுது. அதுல ஊசியால கொஞ்சம் எடுத்துச் சோதிச்சுப் பார்க்கணும்."

சோதனை முடிவு வந்தது. வெளியே தெரியாத அந்தச் சின்னதில்தான் புற்று இருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துருங்க டாக்டர்!" என்றான் ஆன்டோ.

"எதுக்கு? வேற எங்கேயும் பரவலை. அந்தப் பக்கத்துப் பாதி தைராய்டை எடுத்தாப் போதும்."

"கழுத்து அவருதா, என்னுதா?" பீனா புருஷனை முறைத்துவிட்டு டாக்டரிடம் திரும்பினாள். "பாதி போதும். ஆனா என் குரல்? நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கறவ நான்."

"குரல் நரம்பு பக்கத்துலதான் ஓடுது. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். பத்திரமாப் பார்த்துச் செய்வோம்."

ஆபரேஷன் முடிந்து பீனா கண் விழித்தபோது, கட்டிலருகே ஆன்டோ போனில் யாரிடமோ விசும்பிக்கொண்டிருந்தான்.

"யார்கிட்ட அழுதுட்டு இருக்கீங்க? வைங்க போனை!"

கரகரப்பாக இருந்தாலும் அதட்டல் அதட்டலாகவே வந்தது. அவன் அழுகையோடு சிரித்துவிட்டான்.

பிறகு வந்த சோதனை முடிவிலும் புற்று கட்டியைத் தாண்டவில்லை என்றிருந்தது. அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் பீனா, "குடம்புளி போட்ட மீன்கறி வேணும்" என்றாள்.

"காரம் ஆகுமாடி?"

"அதெல்லாம் டாக்டர்கிட்ட கேட்டாச்சு. நீங்க வண்டியை எடுங்க."