முதுகுக்குப் பின்னால் ஓடுபாதை

கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டது அவளுடைய கணவருக்கு. "உக்காருங்க சார், ஒரு தடவை ஓட்டிப் பாருங்க" என்றார். கணவர் உட்கார்ந்தார். ஆனால் எதிரே இருந்த பெரிய திரையையும் விமானி பிடிப்பது போன்ற பிடியையும் விட்டுவிட்டு, இருக்கையின் ஓரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். சோபா தைப்பது அவர் தொழில். யார் வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரர்களை விசாரிப்பதற்கு முன்னால் அவர்களுடைய நாற்காலிகளை விசாரித்துவிடுகிற மனிதர். "இந்தப் பஞ்சு ஒரு வருஷம் தாங்காது" என்று தீர்ப்புச் சொன்னார். கடைக்காரரின் முகம் தொங்கிப் போயிற்று.

"வாங்கறது நான்தான்" என்றாள் அவள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் விமானப் பணிப்பெண். சில வாரங்களாக விடுப்பில் இருக்கிறாள். திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: மறுபடி வானத்துக்குப் போகிறாளா, இல்லை விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போட்டுச் சீட்டு ஒட்டுகிற மேசைக்குப் போகிறாளா என்று. கணவருக்கு அந்த மேசைதான் பிடித்திருந்தது. தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் அல்லவா? அதனால்தான் அவள் வீட்டிலேயே விமானம் ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டர் ஒன்று வாங்க வேண்டும் என்று சொன்னதும் வாயெல்லாம் பல்லாக, "தாராளமா வாங்கு. பறக்கணும்னு ஆசை வந்தா வீட்டுக்குள்ளயே பறந்துக்கோ" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அவளுக்கு என்னவோ அன்று முழுக்க நெஞ்சில் முள் தைத்தது போலவே இருந்தது.

விடுப்பு எடுப்பதற்கு முன் கடைசியாக விமானம் தரையிறங்கியபோது நடந்தது என்று சொன்னால் ஒன்றுமே இல்லை. நல்ல பலமான காற்று. முன்கதவை ஒட்டிய மடக்கு இருக்கையில் வார் மாட்டிக்கொண்டு, வழக்கம் போலப் பயணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த இருக்கை பின்பக்கம் பார்த்தது. இத்தனை வருடங்களில் எத்தனையோ ஊர்களில் இறங்கியிருக்கிறாள், எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டுதான். ஓடுபாதை என்பது அவளுக்குக் கதவிலிருக்கும் சின்ன ஜன்னலில், சக்கரம் தரையைத் தொடுகிற நேரத்தில், பக்கவாட்டில் வரிசையாக ஓடுகிற விளக்குகள். அவ்வளவுதான். அன்று அந்த வரிசை ஜன்னலோடு சேர்ந்து ஓடவில்லை. கோணலாக ஓடியது. விமானம் ஓடுபாதையைக் குறுக்கே தாண்டிப் போகிறது என்று நினைத்தாள். பிறகு ஒரு திருகு, ஒரு இடி, எல்லாம் நேராகிவிட்டது. சிரித்த முகத்தோடு கதவைத் திறந்து, கடைசிப் பயணி வரைக்கும் வணக்கம் சொல்லி அனுப்பிவைத்தாள். மறுநாள் வேலைக்கு அழைத்துப் போக வண்டி வந்து நின்றபோதுதான் ஏற முடியாமல், விடுப்புச் சொல்லி அதைத் திருப்பி அனுப்பினாள். அன்று ஓட்டிய விமானியிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, "வெறும் காத்துதாம்மா, எல்லாம் கட்டுப்பாட்டுலதான் இருந்துச்சு" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை அவள் மனசுக்குள் இறங்க மறுத்தது.

"இது நல்லா விக்குது மேடம்" என்று கடைக்காரர் முதல் சிமுலேட்டரை ஓடவிட்டார். மேகம், கடல், மாலை வெயிலில் மினுங்கும் இறக்கை என்று கண்ணைப் பறித்தது. அவள் காற்றைக் கூட்டச் சொன்னாள். கூட்டினார். விமானம் தண்டவாளத்தில் வருகிற ரயில் மாதிரி அலுங்காமல் நேரே வந்து இறங்கியது.

"காத்து அடிக்குதா இல்லையா?"

"அடிக்குது மேடம். இதுல அதுவே எல்லாத்தையும் சரி பண்ணிக்கும். வீட்டுல ஓட்டறவங்களுக்குக் கஷ்டம் தெரியக் கூடாதுன்னு."

"எனக்குக் கஷ்டம் தெரியணும்" என்றாள்.

கடைக்காரர் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். உள்ளே போய் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினார். படம் முதலில் பார்த்த அளவுக்குப் பளபளப்பாக இல்லை. "இதுல காத்து ஏமாத்தாது. ஆனா கத்துக்கறதுக்குள்ள உயிர் போயிரும்" என்றார். சொன்ன பிறகு, சொன்ன வார்த்தை சரியில்லை என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தானா இறங்கற மாதிரி வைங்க. நான் சத்தத்தை மட்டும் கேக்கறேன்" என்றாள் அவள்.

கணவரை எழுப்பிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். கடைக்காரர் இவ்வளவு காலத்தில் சிமுலேட்டரை இப்படிப் பார்த்து வாங்குகிறவரைக் கண்டதில்லை. கணவரைப் பார்த்தார். கணவர் தோளைக் குலுக்கினார். இறக்கைத் தகடுகள் நீளும் முனகல் வந்தது. பிறகு சக்கரங்கள் இறங்கும் 'தடக்', காலுக்கடியிலிருந்து வருவது போலவே வந்தது. அவளை அறியாமல் முதுகு நிமிர்ந்தது. கைகள் தொடைக்கடியில் போய்ச் சொருகிக்கொண்டன. உதடுகள் அசைந்தன.

கணவர் சைகை காட்டி ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். குனிந்து, "என்ன, சாமி கும்பிடறியா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. எந்தக் கதவு, எப்படித் திறக்கறது, யாரை உதவிக்குக் கூப்பிடலாம்னு மனசுக்குள்ள சொல்லிக்குவோம். ஏதாவது ஆனா யோசிக்க நேரம் இருக்காதில்ல."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

அவளோடு பயணியாகப் போன நாட்களில் எல்லாம் அவர் அந்த உதடுகளைப் பார்த்திருக்கிறார். பக்தி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார். நம் வீட்டுக்காரி புறப்பட்டுப் போகிறாள், வருகிறாள் என்றுதான் அவருக்குத் தெரியும். நடுவில் என்ன செய்கிறாள் என்று இதுவரை கேட்டதே இல்லையே என்பது அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. அவளுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

"இப்ப திரும்பிப் பாக்கறேன். அதே காத்து வைங்க" என்று நாற்காலியைத் திருப்பினாள்.

திரையில் விமானிக்குத் தெரிவது தெரிந்தது. ஓடுபாதை நேர் எதிரே இல்லை. மூக்கு காற்று வரும் திசையைப் பார்த்துத் திரும்பியிருக்க, ஓடுபாதை வலது ஓரத்தில் கிடந்தது. நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து அதை நோக்கித்தான் விமானம் வந்துகொண்டிருந்தது. தரைக்கு மிக அருகில் வந்ததும் மூக்கு திரும்பியது. எல்லாம் நேராயிற்று. சக்கரங்கள் உட்கார்ந்தன.

"இன்னொரு தடவை. இப்ப முன்கதவு ஜன்னல்லேர்ந்து காட்ட முடியுமா?"

முடிந்தது. விளக்கு வரிசை கோணலாக ஓடியது. அன்று ஓடிய அதே கோணல். அன்று விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போகவில்லை. அதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது, காற்றுக்கு முகம் கொடுத்தபடி. கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"இதுதான் வேணும்" என்றாள். "நான் ஓட்டிப் பாக்கலாமா?"

முதல் முறை புல்வெளியில் இறக்கினாள். அடுத்த முறை அந்தப் புல்லுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. கடைக்காரர், "எல்லாரும் இப்படித்தான் மேடம்" என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். மூன்றாவது முறை தொடங்கும்போது பின்னால் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. கணவர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் போட்டு, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். முக்காலியின் பஞ்சை அவர் அமுக்கிப் பார்க்கவில்லை.

"கை எங்க வைக்கணும்?"

"தொடைக்கடியில. உள்ளங்கை மேல பாத்து."

"கதவு, கடைக் கதவுதான். வெளிப்பக்கம் தள்ளணும். உதவிக்குக் கடைக்காரர்" என்றார் அவர். கடைக்காரர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். கணவர் குரலைத் தாழ்த்தி, "திங்கக்கிழமை என்ன சொல்லப் போறே?" என்று கேட்டார்.

"இறங்கறப்போ பேசக் கூடாதுங்க."

அவர் கைகளைத் தொடைக்கடியில் சொருகிக்கொண்டார். திரையில் மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பியது. வலது ஓரத்தில் ஓடுபாதை சிறு கோடாக வந்து நின்றது. அவள் பிடியை இறுக்காமல் பிடித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த அணைந்த திரையின் கறுப்புக் கண்ணாடியில், முதுகைக் காட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனிதரின் கன்னம் தெரிந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.