விழிக்க அனுமதி

நோய் அவரிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. முதலில் கால்கள், அப்புறம் கைகள், கடைசியில் நாக்கு. மிஞ்சியது இரண்டு கண்களும் வலது கட்டைவிரலும்தான். நாக்கு போன அன்று அவர் மனைவி, வெளியில் சொல்ல முடியாத ஒரு நிம்மதியில், பெருக்கிய வீட்டையே மறுபடி பெருக்கினாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த நாக்கோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள்.

அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து போன முதல் பயணத்தில் அவள் தன் டிக்கெட்டை எங்கோ வைத்துவிட்டுத் தேடினாள். புது மாப்பிள்ளை எழுந்து நின்று, பெட்டி முழுக்கக் கேட்கும்படி அவளுக்கு அபராதம் போட்டார். அடுத்த நிலையம் வரை உட்காரவும் விடவில்லை. டிக்கெட் கைப்பையின் கிழிந்த உள்துணிக்குள் இருந்தது, வீட்டுக்கு வந்த பிறகு கிடைத்தது. கிடைத்து என்ன? அன்று முதல் அவள் பெயர் 'டிக்கெட் இல்லாதவ'. வருகிறவர், போகிறவர், சம்பந்தி, பால்காரர் எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு ஒரு தனிப் பாட்டு விழும்.

அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அவரிடம் எப்போதும் ஒரே பதில்தான். "இப்ப வேலையா இருக்கேன். அப்புறம்." அவள் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்த அன்றும் அதையேதான் சொன்னார். அப்போது அவர் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஷூவை முடித்து, அடுத்ததை முடித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவள் அதை மறக்கவும் இல்லை, சொல்லிக் காட்டவும் இல்லை. சொல்லிக் காட்ட அவர் நேரம் கொடுத்தால்தானே.

அப்படிப்பட்ட மனிதரின் போன நாக்கை மகள் திரும்ப வாங்கி அனுப்பினாள். கடல் கடந்து வேலை பார்க்கும் மகள், அப்பா மேல் பாசம். கட்டிலுக்கு மேல் ஒரு தாங்கியில் லேப்டாப், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பொத்தான். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிரும். வேண்டிய வரிசை வரும்போது ஒரு தட்டு, வேண்டிய எழுத்து வரும்போது இன்னொரு தட்டு. வாக்கியம் முடிந்ததும் லேப்டாப் அதை உரக்கப் படிக்கும், ஏற்ற இறக்கமே இல்லாத குரலில். அந்தக் குரலில் வந்த முதல் வாக்கியம், "கஞ்சில உப்பு இல்ல, உனக்கு மூளை இல்ல."

கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் லேப்டாப் தூங்கிவிடும். அவர் பொத்தானைத் தட்டினால் விழித்துக்கொள்ளும். ஒருநாள் காலை திரையில் ஏதோ அப்டேட் என்று வந்தது. எது கேட்டாலும் சரி என்று கொடுத்துவிடும்படி மகள் சொல்லி வைத்திருந்தாள். மனைவியும் சரி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அதன்பிறகு வீட்டில் பேச்சே இல்லை. திரை இருண்டு கிடந்தது. அவள் ஒன்றும் சந்தேகப்படவில்லை. கோபம் வந்தால் நாள்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பது அவருடைய பழைய வழக்கம்தான். என்ன கோபமோ, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். பொத்தான் மட்டும் டக் டக் என்று ஓயாமல் சத்தம் போட்டது. பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டாள். வேளைக்குக் கஞ்சி கொடுத்தாள், உடம்பு துடைத்தாள், புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தாள். வானொலியில் பாட்டு வைத்து, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கூடவே முணுமுணுத்தாள்.

மகள் போன் செய்து, "அப்பா ஏம்மா பேசல?" என்று துளைத்தெடுத்த பிறகுதான் சர்வீஸ்காரன் வந்தான். கழுத்தில் ஹெட்போன் தொங்கவிட்ட இளைஞன், மரியாதை தெரிந்தவன்.

"எப்பம்மா கடைசியா பேசினாரு?"

"அப்டேட்டுன்னு வந்துச்சுப்பா. அதுக்கு முந்தின நாள்."

அவன் லேப்டாப்பின் விசையைத் தட்டினான். திரை உடனே விழித்தது. மறுபடி தூங்க வைத்து, அவர் விரலைப் பிடித்து பொத்தானைத் தட்டினான். திரை அசையவில்லை. பொத்தானின் ஒயரைக் கழற்றி வேறு துளையில் செருகினான். அப்போதும் இல்லை. பிறகு திரையில் எங்கெங்கோ போய் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினான்.

"இதாம்மா விஷயம். லேப்டாப் தூங்கறப்ப இந்தப் பொத்தான் அதை எழுப்பலாம்னு ஒரு அனுமதி குடுக்கணும். இந்தக் கட்டத்துல குறி இருக்கணும். அப்டேட் வந்து அதை எடுத்துடுச்சு. சார் தட்டிட்டேதான் இருந்திருக்காரு, அதுக்குத்தான் கேக்கல."

"தூங்கவே விடாம வெச்சுட்டா?"

"சூடேறி பேட்டரி ஊதிடும்மா. ஏற்கெனவே ஒரு தடவ மாத்தியிருக்கு போல. வெளிச்சமும் அவர் கண்ல அடிச்சுட்டே இருக்கும். அடுத்த அப்டேட்ல மறுபடி போச்சுன்னா நீங்களே போட்டுக்கலாம், பாருங்க."

அவன் கட்டத்தில் குறி போட்டான். அவளையும் ஒருமுறை எடுத்துப் போட வைத்தான். மறதிக்காரி என்று பெயரெடுத்தவள், அன்று ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அவர் தட்டினார். திரை விழித்தது. எழுத்துகள் ஒளிர்ந்தன. அவள் கட்டிலருகே நின்றாள். பாவம் மனுஷன், இத்தனை நாள் வாயில்லாமல் கிடந்திருக்கிறாரே என்று அவளுக்கு நிஜமாகவே நெஞ்சு கரைந்தது. தண்ணீர் கேட்பாரோ, எங்காவது வலிக்கிறதோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லேப்டாப் படித்தது: "டிக்கெட் இல்லாதவ. வேணும்னே அணைச்சு வெச்சா."

சர்வீஸ்காரன் தலையைக் குனிந்து ஒயரைச் சுருட்டினான். அவளுக்கு முகம் சுண்டிப்போனது. செய்யாத ஒன்றுக்கு, அந்நியன் முன்னால், பழைய ரயில் பெட்டியில் நின்றது போலவே நின்றாள். அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்தாள். அவர் பார்க்கப் பார்க்க, கட்டத்திலிருந்த குறியை எடுத்தாள்.

"வேணும்னே பண்ணா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியணும்ல" என்றாள்.

அதன்பிறகு விசையைத் தட்டி எழுப்புகிறவள் அவள் மட்டும்தான். மகள் போன் செய்யும்போது எழுப்புவாள், வேறு எப்போதும் இல்லை. மற்றபடி கண்ணைச் சிமிட்டி ஆமாம் என்று சொல்லலாம், அவள் கேட்டால். பசிக்குதா, ஒரு சிமிட்டல். குளிருதா, ஒரு சிமிட்டல். அவள் கேட்காததைச் சொல்ல அவருக்கு வழியில்லை. பணிவிடையில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

முதல் முறை மகளிடம் அவர் மளமளவென்று தட்டினார். "அம்மா என்ன ஊமையாக்கறா" என்று படித்தது லேப்டாப். மகளுக்கு அப்பாவின் வாய் நன்றாகத் தெரியும். "போதும்ப்பா. அம்மா இல்லன்னா உங்க கதி என்னன்னு யோசிச்சீங்களா?" என்று அதட்டிவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த முறை மகள் அழைத்தபோது, அப்பா தூங்குகிறார் என்று அவள் சொன்னாள். அதற்கடுத்த முறையும் சொன்னாள். அவர் கண்கள் விரியத் திறந்தபடி அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். அவருக்குப் பாடம் புரிய அதுவே போதும். ஆயுசு முழுக்க அடுத்தவர் கெஞ்சலைக் கேட்டுப் பழகியவருக்கு, கெஞ்சத் தெரியாமலா போகும்.

பிறகு எழுப்பியபோது லேப்டாப் சொன்னது: "அம்மா நல்லா பாத்துக்கறா. அவ மாதிரி யாரும் கிடையாது."

மகள் அந்தப் பக்கம் அழுதாள். "அப்பா மாறிட்டாரும்மா. நீ குடுத்து வெச்சவ."

"ஆமா" என்றாள் அவள். அவளுக்கு அன்று இனித்தது. இல்லை என்று சொன்னால் பொய். கட்டிலில் கிடந்தவர் பெட்டிப்பாம்பாக அடங்கியிருந்தார். பொத்தானின் டக் டக் சத்தம் மெல்லக் குறைந்து, எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றுபோனது.

ஒரு மத்தியானம் சர்வீஸ்காரன் போன் செய்தான்.

"அம்மா, நல்ல சேதி. புது அப்டேட் வந்திருக்கு. அந்தக் கோளாற அவங்களே சரி பண்ணிட்டாங்க. குறி தானா போட்டுக்கும், யாராவது எடுத்தாலும் திரும்ப வந்துடும். சார் பொத்தான தட்டினா லேப்டாப் முழிச்சுக்கும்."

அவள் வானொலியை நிறுத்தினாள். "எப்பப்பா வந்துச்சு?"

"உங்களுக்கு வந்து பத்து பதினஞ்சு நாள் இருக்கும்மா. தானாவே ஏறியிருக்கும். ஏன், சார் பேசலையா?"

"பேசறாரு" என்று சொல்லி வைத்தாள்.

அறைக்குப் போனாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள், கட்டத்தில் குறி இருந்தது. லேப்டாப்பைத் தூங்க வைத்தாள். அவர் கட்டைவிரலை நகர்த்திவிட்டு, தன் விரலால் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினாள். திரை பளிச்சென்று விழித்தது. இத்தனை நாளும் ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும். அண்டை வீட்டுக்காரர்கள் வந்து நின்றபோது தட்டியிருக்கலாம், டாக்டர் வந்தபோது தட்டியிருக்கலாம். அவர் தட்டிப் பார்க்கவே இல்லை. கேட்காது என்று விரலுக்குப் பழகிவிட்டது.

அவளுக்குப் பயமாக இருந்தது, அசிங்கமாகவும் இருந்தது. என்னவோ ஒன்றைக் கொன்றுவிட்டது போல இருந்தது. அவர் விரலை எடுத்துப் பொத்தான் மேல் வைத்தாள்.

"முழிச்சிருக்கு, பாருங்க. இனிமே நீங்க தட்டினாலே முழிச்சுக்கும். நான் ஒண்ணும் பண்ண முடியாது. திட்டணும்னா திட்டுங்க. எவ்ளோ வேணும்னாலும் திட்டுங்க."

அவர் அவளையே பார்த்தார். எழுத்து வரிசைகள் ஒளிர்ந்து, கீழே போய், மறுபடி மேலே வந்தன. விரல் அசைய வெகுநேரம் ஆனது. ஒரு தட்டு. பிறகு இன்னொன்று. அந்தப் பழைய பெயர் வரட்டும் என்று, அதற்காக ஏங்கியே நின்றாள்.

ஏற்ற இறக்கமில்லாத குரல் சொன்னது: "பேசலாமா."

முப்பது வருஷத்தில் அவர் அவளிடம் அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை. ம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது அவள் தொண்டை வரை வந்தது. அங்கே பாலிஷ் வாசனையும், ஒன்றுக்கு அடுத்து ஒன்றாகப் பளபளத்த இரண்டு ஷூக்களும் குறுக்கே நின்றன.

"இப்ப வேலையா இருக்கேன்" என்றாள். "அப்புறம்."

விரல் நின்றது. கொஞ்ச நேரத்தில் திரையும் இருண்டது. அவள் அடுப்படிக்குப் போய், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களுக்கு முன்னால் நின்றாள். செய்ய அவளுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.