பத்து நிமிடச் சிவப்பு

"நான் சின்னவன் பேசறேன். வயசு இருபத்தி நாலு. வெளிநாட்டுல ஒரு ஓட்டலோட சலவைக் கூடத்துல, வேலையிலதான் இருக்கேன். அப்பாவோட கடைசிப் பையன்."

கையுறை நனைந்திருந்தது. அவன் பேசப் பேச போன் அதை எழுத்தாக்கியது. அப்பா இறந்த சேதிக்காக அன்று காலை தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் அவனைப் பார்த்ததே இல்லை. சேதியை அனுப்பாமல் அப்படியே வைத்துக்கொண்டான். விடுப்பு கேட்டுக் கேட்டு ஓய்ந்தாகிவிட்டது.

அக்கா வீடியோவில் வந்தாள்.

"பாத்துக்கடா. இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்துருவாங்க."

அப்பாவின் கைகள் மார்பின் மேல் இருந்தன. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கைகள். முடக்குவாதம் விரல்களை திசைக்கொன்றாகத் திருப்பியிருந்தது. காலையில் சட்டைப் பொத்தான் போட்டு முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். போன வருஷம் மூட்டுவலிக்கென்று அவன் வாங்கி அனுப்பிய சிவப்பு ஒளி விளக்கின் முன் அந்தக் கைகளை நீட்டி உட்கார்ந்துகொண்டு அவனைக் கூப்பிடுவார்.

"சிவப்பு விழுந்துடுச்சுடா. பத்து நிமிஷம் வண்டி நகராது. பேசு."

விரல்களின் இறுக்கம் கொஞ்சம் விட்டது உண்மைதான். மாத்திரையோடு சேர்த்து இதுவும் இருக்கட்டும் என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார். இந்த வாதம் அடங்காவிட்டால் இதயத்தையும் பாதிக்கும் என்று எச்சரித்தும் இருந்தார்.

நான்கு மாதம் முன்பு அப்பா, "வெளக்கே போதும்டா. வாரம் ஒண்ணு போடற அந்தச் செவ்வாக்கிழமை மாத்திரைய விட்டுட்டேன், வயித்தப் பொரட்டுது" என்றார். அவன் சிரித்தான். தான் அனுப்பியது வேலை செய்கிறதே என்ற பெருமையில் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அக்கா, அப்பா அப்புறம் மாத்திரைய ஆரம்பிச்சாரா?"

"நெஞ்சுவலிடா. டாக்டர் அதத்தான் சொன்னாரு."

"நான் அதக் கேக்கல."

படம் ஆடியது. அக்கா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"இல்லடா. எனக்கும் தெரியும். மாத்திரைக்காக ஒவ்வொரு தடவையும் அவரோட மல்லுக்கட்ட வேணாம்னு நிம்மதியா இருந்துட்டேன்."

அவனுக்குப் பின்னால் இயந்திரம் விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தது.

படத்தில் அக்காவுக்குப் பின்னால் கதவு திறந்தது. அப்பாவின் தங்கை. அவள் விரல்களிலும் அதே நோய்தான்.

"ஏம்மா, அந்த வெளக்கு இனி யாருக்கு? எனக்குக் குடு. வாராவாரம் அந்தக் கண்றாவி மாத்திரைய முழுங்க வேணாம் பாரு."

"அத்தை, இப்பவா?"

"நான் என்ன நகையா கேட்டேன்? வெளக்குதானேடி!"

வெளியே யாரோ அக்காவைக் கூப்பிட்டார்கள். "தூக்கப் போறாங்க. வெக்கிறேன்டா" என்றாள்.

சூப்பர்வைசர் தள்ளுவண்டியைக் காட்டினார். ஈர விரிப்புகள் மேடாகக் குவிந்திருந்தன. அவன் அதை உலர்த்தி வரை தள்ளிக்கொண்டு போனான். கதவைத் திறந்து, உள்ளே போட்டு, பொத்தானை அழுத்தினான். பிறகு குழுவுக்குப் பாதியில் விட்ட சேதியைத் திறந்து, போனை வாய்க்கருகே கொண்டுபோனான்.

"அத்தைக்கு அந்த வெளக்கக் குடுத்துடுங்க. கைக்கு எதமா இருக்கும், ஆனா மாத்திரைக்குப் பதிலாகாது. இதப் படிக்கிறவங்க, அவங்க பக்கத்துல யாரு இருந்தாலும் சரி, மாத்திரை போட்டாச்சான்னு வாராவாரம் அத்தைய ஒரு வார்த்தை கேளுங்க. சிரிச்சு மழுப்பினாலும் விட்டுடாதீங்க."