நீலப் புள்ளியும் ரெண்டு விசிலும்

அந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது என்பதை நம் கண்டக்டர் வந்து இறங்கிய அன்றே கவனித்துவிட்டார். முப்பத்து நாலு வருஷம் பஸ்ஸில் நின்றே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். இங்கே டிரைவர் மட்டும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். ஏறுகிறவர்கள் ஒரு பெட்டியிடம் அட்டையைக் காட்டினார்கள், பெட்டி 'டிங்' என்றது, அதற்குமேல் யாரும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. துக்க வீட்டில்கூடக் கொஞ்சம் பேச்சு இருக்கும்.

சாப்பாடும் அப்படித்தான். ரொட்டி கொடுத்தார்கள், தொட்டுக்கொள்ள ஏதாவது கேட்டால் இன்னும் கொஞ்சம் ரொட்டி கொடுத்தார்கள். சூப் ஆறிப்போயிருக்கிறதே என்று சைகையில் கேட்டார். அது ஆற வைத்துக் குடிக்கிற சூப்பாம். விடுதியின் குளியலறையில் ஒரு வாளி இல்லை, கட்டிலில் ஆறு தலையணை இருந்தது. ஆறையும் நாற்காலியில் ஏற்றிவிட்டு, தன் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார்.

அவர் ஊர் பார்க்க வந்தவர் இல்லை. வீறாப்புக்கு வந்தவர். மனைவி போய் மூன்று வருஷமாகத் தனியாகப் பொங்கித் தின்று நன்றாகத்தான் இருந்தார். போன மாசம் கீரை வாங்கப் போனபோது திரும்பும் வழி மறந்துபோய், ஒரு மருந்துக்கடை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றார். கடைக்காரர் மகனுக்குப் போன் போட, மகன் மறுநாளே வந்து இறங்கினான்.

"அப்பா, தனியா இருந்தது போதும். வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடுங்க."

மகன் வீடு பதினோராவது மாடி. மருமகள் தங்கமான பெண். அங்கே போனால் டிவி முன்னால் உட்காரவைத்து, ராஜா மாதிரி பார்த்துக்கொள்வார்கள். நின்றே பழகியவருக்கு அதைவிட வேறு தண்டனை வேண்டாம்.

"பாஷை தெரியாத ஊருக்குத் தனியா போய் ஏழு நாள் இருந்துட்டு வரேன்டா. ஒரு தடவை தொலைஞ்சாலும் வீட்டுச் சாவியை உன் கையில குடுத்துடறேன்," என்றார்.

மகன் ஒத்துக்கொண்டான். ஆனால் அப்பாவின் போனை வாங்கி எதையோ தட்டி, அவர் எங்கே போனாலும் தன் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும்படி செய்துவிட்டான். வாய்ச்சவடால் விட்டாரே தவிர, தலைக்குள் ஏதோ கழன்றுவிட்டதோ என்று கண்டக்டருக்கே பயமாகத்தான் இருந்தது.

நாலு நாள் ஒழுங்காகப் போனது. ஐந்தாம் நாள் காலையில் அருங்காட்சியகம் போகப் பஸ் ஏறினார். டிரைவர் ஒரு குறுகலான வளைவில் அந்த நீள வண்டியை ஒடித்துத் திருப்பிய அழகில் சொக்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார். பஸ் கடைசியாக ஏதோ கிடங்குகளுக்கு நடுவே போய் நின்றது. எல்லோரும் இறங்கிப் போனார்கள், அவரும் இறங்கினார். பலகையில் இருந்த ஒரு எழுத்தும் புரியவில்லை. விடுதியின் முகவரி அட்டை நேற்றுப் போட்ட சட்டைப்பையில் இருந்தது. எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பதே மறந்துவிட்டது.

மறுபடியும் மருந்துக்கடை வாசல்.

பையில் கைவிட்டுச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டார். வீட்டுச் சாவியோடு அவருடைய டூட்டி விசிலும் அதில்தான் தொங்கியது. அவருக்கு வழி தெரியாவிட்டாலும் பஸ்ஸுக்குத் தெரியும். அதே பஸ்ஸில் ஏறி, பழக்கதோஷத்தில் உட்காராமல் பின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

மூன்றாவது நிறுத்தத்தில் கைத்தடியோடு ஒரு கிழவி இறங்கினாள். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். அதற்குள் கதவு மூடி அவள் பையைக் கவ்வ, வண்டி மெல்ல அசைந்தது. கண்டக்டர் யோசிக்கவே இல்லை. விசில் வாய்க்குப் போயிருந்தது.

ஒரு விசில். வண்டி குலுங்கி நின்றது. நாற்பது தலைகள் திரும்பின. கத்திக்கொண்டே வந்த டிரைவர், கிழவியைப் பார்த்ததும் மூஞ்சியில் ஈயாடாமல் நின்றார். போய்க் கதவைத் திறந்துவிட்டார். கண்டக்டர் கிழவியைக் கைகொடுத்து இறக்கி, பையை ஒப்படைத்து, படியைப் பார்த்துவிட்டு ரெண்டு விசில் கொடுத்தார்.

டிரைவர் முழித்தார்.

"ரெண்டு அடிச்சா கிளம்பணும்பா," என்று கண்டக்டர் தமிழிலேயே சொல்லி ஸ்டியரிங்கைக் காட்டினார்.

டிரைவர் போய் உட்கார்ந்து வண்டியை எடுத்தார். அடுத்த நிறுத்தத்தில் கண்ணாடியில் பின்னால் பார்த்துக் காத்திருந்தார். ரெண்டு விசில் வந்த பிறகுதான் நகர்ந்தார். வழியில், காலையில் ஏறிய இடத்தின் மஞ்சள் தபால்பெட்டி கண்டக்டர் கண்ணில் பட்டது. இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பினார். "உள்ள போங்க, உள்ள இடம் இருக்கு" என்று அவர் சொன்னதும் பாஷை தெரியாத ஜனம் மொத்தமும் உள்ளே போனது. மத்தியானம் டிரைவர் தன் ரொட்டியில் பாதியும் ஒரு வேகவைத்த முட்டையும் கொடுத்தார். இந்த ஐந்து நாளில் ருசித்துச் சாப்பிட்டது அதுதான்.

மூணு மணிக்கு மகன் கூப்பிட்டான்.

"அப்பா, காலையிலேர்ந்து பாக்கறேன். ஒரே ரோட்டுல ஆறு தடவை போயிட்டு வந்திருக்கீங்க. தொலைஞ்சிட்டீங்களா? உண்மைய சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தார்.

"காலையில தொலைஞ்சேன்டா. ரொம்ப பயந்துட்டேன். சாவிய வந்து குடுத்துடறேன்."

கண்டக்டர் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப உன் போன்ல மேப்பைப் பாத்துக்கிட்டே கேளு. இடது பக்கம் பள்ளிக்கூடம் வரும். அடுத்து பாலம். பாலம் இறங்கினதும் பெட்ரோல் பங்க். அதுக்கடுத்தது தபால்பெட்டி ஸ்டாப். அங்கேர்ந்து ரெண்டாவது சந்துல என் விடுதி."

"பள்ளிக்கூடம்... சரி," என்றான் மகன். கொஞ்ச நேரம் கழித்து, "பாலம் வந்துடுச்சு." பிறகு, "பங்க்கும் இருக்குப்பா."

பஸ் தபால்பெட்டிக்கு முன்னால் நின்றது.

"உங்க ஸ்டாப் வந்தாச்சு, இறங்குங்க," என்றான் மகன்.

"டூட்டி முடியலடா. இன்னும் ஒரு டிரிப் இருக்கு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நீங்க வந்ததும் சாவிய ஒரு நாள் மட்டும் குடுங்கப்பா. எனக்கு ஒண்ணு டூப்ளிகேட் போட்டுக்கறேன். உங்க சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

முன்னால் டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ரெண்டு விசில் கொடுத்தார்.

"புள்ளி நகருதுப்பா," என்றான் மகன்.

"நகராம என்ன பண்ணும்?" என்றார் கண்டக்டர். "ரெண்டு விசில் குடுத்திருக்கேன்ல."