தேசப்பனுக்கு எழுதிய பணம்

என் வீட்டுக்காரருக்குச் சாவு என்ற பேச்சே ஆகாது. திருவொற்றியூர் ஆணிக் கம்பெனியில் சர்க்கார் சட்டப்படி பிராவிடண்டு பண்டு வந்தபோது, ரூபாய்க்கு ஓரணா பிடிக்கிறார்களே என்று மற்றவர்கள் கூச்சல் போட்டார்கள். இவர் போடவில்லை. "வயசானா கடலும் குடுக்காது, மொதலாளியும் குடுக்க மாட்டான். இதுவாச்சும் குடுக்கும்" என்றார். அவர் பயந்தது ஒரு கேள்விக்குத்தான். உமக்குப் பிறகு பணம் யாருக்கு என்று கேட்டிருக்கிறார்கள்.

"உன் பேரை எழுதுனா, உன் பொட்டை நானே அழிச்ச மாதிரிடி மங்கை. அதான் அண்ணன் பேரைக் குடுத்துட்டேன். அதுக்கு இனிமே இன்னா ஆவப் போவுது?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. அவருடைய அண்ணன் தேசப்பன் காத்திவாக்கத்தில் கட்டுமரம் ஏறிப் போனவர். கட்டுமரம் மட்டும் கரைக்குத் திரும்பி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

"செத்தவருக்கா சம்பாரிச்சுப் போடுற?" என்று கத்தினேன்.

"வாயை மூடு. பொணம் ஒதுங்கலை இல்ல? அண்ணி இன்னும் பொட்டு வச்சிகினு தான் கீது."

அது உண்மை. கடலுக்குப் போனவனின் உடல் கரை சேராத வரை அவன் பெண்சாதி பொட்டைக் கலைக்க மாட்டாள். அண்ணி செல்லம்மா அதோடும் நிற்கவில்லை. விளக்கு வைத்ததும் கதவைத் திறந்துபோட்டு, தட்டில் சோறு போட்டு வைப்பாள். கோடையில்கூட அவள் வாசற்படி ஈரமாக இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். கழுவிவிட்டால் ஈரமாகத்தானே இருக்கும் என்று நான் சிரிப்பேன்.

இவரும் கூடச் சிரித்தவர்தான்; அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்த பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார். சம்பளம் வாங்கிய அன்று வாசலைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார். "அண்ணன் வந்து நிக்கறாப்ல கீது. என் பங்கு எங்கேன்னு கேக்குது" என்பார். பெயரை மாற்றி எழுதித் தொலையேன் என்றால், "மாத்துனா அதுக்குக் கோவம் வரும்டி" என்று தலையை ஆட்டுவார்.

ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அவரும் போய்ச் சேர்ந்தார். என் பொட்டு போயிற்று. கையில் நீலா, பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கம்பெனிப் பணம் வந்தால் கூடை வாங்கி மீன் விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் பிள்ளையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

கம்பெனி குமாஸ்தா ரகுபதி நல்ல மனிதர். அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. "கருணாகரன் குடுத்த பேரு தேசப்பன்மா. அவர் வரணும். இல்லைன்னா அவர் சம்சாரம் வந்து, அவர் உயிரோட இல்லைன்னு சொல்லி ரேகை வைக்கணும். அப்பத்தான் உனக்குன்னு எழுதி அனுப்ப முடியும்" என்றார்.

பங்குனி வெயிலில் காத்திவாக்கத்துக்கு நடந்தேன். செல்லம்மா அக்காவின் வாசற்படி ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. கடல் தண்ணீரைத் தெளித்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓரத்தில் கிடந்த குடம் காய்ந்துபோயிருந்தது.

சொல்ல வந்ததைச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"இன்னா கேக்குறேன்னு தெரிஞ்சிகினு தான் கேக்குறியா?"

"தெரியும்க்கா. புள்ளைய வச்சிகினு நான் எங்க போவேன்?"

 அவள் மெதுவாகச் சொன்னாள்: "நேத்திக்கும் வந்தாரு. சோத்தைத் தொடலை. உன் வூட்டுக்காரரு போனதுலேந்து தொட மாட்டேன்றாரு. தம்பி புள்ள பட்டினி கெடக்கறது பொறுக்கலை போல." அவள் கண் என்னைத் தாண்டி வாசற்படிக்குப் போயிற்று. "நாளைக்கு வரேன், போ."

மறுநாள் காலையில் பெரிய பொட்டும் தலை நிறையப் பூவுமாக வந்தாள். குமாஸ்தா புருஷன் பெயரைக் கேட்டார். அவள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. எங்களில் எந்தப் பெண்சாதியும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். நான் சொல்லப் போனேன்; அவள் கையால் தடுத்தாள்.

"தேசப்பன்" என்றாள். சொல்லிவிட்டு, கூப்பிட்ட ஆள் வருகிறாரா என்பதுபோல் வாசலைப் பார்த்தாள்.

"உயிரோட இருக்காராம்மா?"

"இல்லை. கடல்ல செத்துட்டாரு."

கட்டைவிரலில் மை தடவி ரேகை வைத்தாள். துடைத்துக்கொள்ள ரகுபதி துணி கொடுத்தார். வாங்கவில்லை. அதே விரலால் நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்தாள். சிவப்பு போய், அந்த இடத்தில் கறுப்பு அப்பிக்கொண்டது.

"யக்கா, வேணாம்! ஆபீசுக்காகச் சொன்னது தானே!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"ஆபீசுக்கு செத்துட்டு வூட்டுக்கு உசிரோட இருப்பாராடி?"

என் பொட்டு அழியக் கூடாதென்று பயந்து என் வீட்டுக்காரர் எழுதிய பெயர், அவள் பொட்டை அழித்துவிட்டது. வெளியே வந்ததும் பூவைப் பிடுங்கிப் போட்டாள். "இன்னிக்கிக் கதவைச் சாத்திடுவேன். செத்துட்டாருன்னு சொன்ன வாயால எப்படி வான்னு கூப்புடறது?" என்றவள், கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பினாள். "பசியோட எங்கே போவாரு மங்கை?"



அப்புறம் பணம் வந்தது. கூடை வாங்கினேன். முதல் நாள் விற்று வந்து உலை வைத்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் நீலாவுக்கு ஊட்டி முடித்துவிட்டு, இரண்டு தட்டில் சோறு போட்டேன். ஒன்று அவருக்கு, ஒன்று அவர் அண்ணனுக்கு. இதையெல்லாம் கேலி பேசியவள்தான் நான். இருந்தும் வைத்தேன்.

கடல் காற்று பிள்ளைக்கு ஆகாதே என்று கதவைச் சாத்தப் போனேன். படியில் கால் வைத்ததும் ஈரம் சில்லென்றது. அன்று முழுக்க நான் சந்தையில் இருந்தேன். வாசலைக் கழுவவே இல்லை. கதவைச் சாத்தாமல் உள்ளே திரும்பி, நீலாவை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் தள்ளி உட்கார்ந்தேன். அவர்கள் உட்கார இடம் வேண்டுமே.