மாமே டென்டாவின் பக்கத்தில் சுழன்ற சக்கரம்

வாச்சே என்னும் பயறுச் சோற்றுப் பொட்டலத்தை மடியில் விரித்து ஒரு கையால் சாப்பிட்டபடியே, மறு கையால் செர்வா அன்றைய சாவு அறிவிப்புகளை வலைப்பூவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். குமாசி நகரத்தில் யார் வீட்டில் துக்கம் என்றாலும், எந்த சனிக்கிழமை, எந்த மைதானம், கறுப்பு உடுத்துவதா சிவப்பும் கறுப்புமா என்பதையெல்லாம் ஊர் அவளுடைய வலைப்பூவில்தான் பார்த்துத் தெரிந்துகொள்ளும். பந்தாமா சாலையில் அவளுக்கு ஒரு சின்னக் கடை, ஒரு மடிக்கணினி. இறந்தவர்களின் படங்களைப் பூமாலைச் சட்டத்துக்குள் வைத்து அழகாக வடிவமைப்பாள். ஒவ்வொரு படத்தின் குறுக்கேயும் தன் பெயரைப் பெரிதாக எழுதிவிடுவாள்.

அந்த வாரத்தின் பெரிய சாவு மாமே டென்டாவுடையது. கெஜெட்டியா சந்தையில் துணி விற்றவர். சந்தையே திரண்டு வரப்போகிறது.

கடைசி வாயை விழுங்குவதற்குள் ஆம்பொன்சா வந்து நின்றார். மாமே டென்டாவின் தம்பி, அந்தக் குடும்பத்துக்கே தலைவர், தேவாலயத்திலும் மூப்பர்.

"ஏம்மா செர்வா! எங்க அக்காவை என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"என்ன மாமா ஆச்சு?"

"என்ன ஆச்சா? அவ படத்தைத் திறந்தா சூதாட்டச் சக்கரம் சுத்துது! 'இன்று உங்கள் அதிர்ஷ்ட நாள்'னு கீழ எழுதியிருக்கு. செத்தவளுக்கு என்னடி அதிர்ஷ்டம்?"

செர்வா தன் திரையைப் பார்த்தாள். மாமே டென்டா பூமாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். சக்கரமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"இதோ பாருங்க மாமா. சுத்தமா இருக்கு."

அவர் தன் கைப்பேசியை எடுத்துத் திறந்தார். அதிலும் மாமே டென்டா மட்டும்தான். ஆம்பொன்சா கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார்.

"இருந்துச்சும்மா! சத்தியமா இருந்துச்சு. பாஸ்டரம்மா என் தோளுக்குப் பின்னால நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்க. 'மூப்பரே, நீங்களுமா?'ன்னு ஒரு பார்வை பாத்தாங்க பாரு!"

செர்வா தயங்கிக் கேட்டாள். "மாமா, கோவிச்சுக்காதீங்க. நீங்க போன்ல பந்தயம் கிந்தயம் ஏதாவது..."

"அடியேய்! என் வாயால சாபம் வாங்கிக்காதே. சனிக்கிழமைக்குள்ள இதைச் சரி பண்ணலேன்னா, எங்க அக்கா பேரை உன் பக்கத்துலேருந்து எடுத்துடு. எடுத்தது மட்டுமில்ல, ஏன் எடுத்தோம்னு ஊருக்கே சொல்லுவேன்."

அவர் போய்விட்டார். ஆம்பொன்சா ஊரிடம் சொல்லிவிட்டால் அப்புறம் எந்தக் குடும்பமும் தன் சாவை அவளிடம் கொண்டுவராது. கடையை மூட வேண்டியதுதான்.

மதியத்துக்குள் இன்னும் பல அழைப்புகள். லண்டனிலிருந்து ஒரு பெண், "அழலாம்னு உக்காந்தேன், காரு ஜெயிச்சுட்டேன்னு வருது!" என்று அழுதுகொண்டே திட்டினாள். இன்னொருவர் முதலில் வந்தது, மறுபடி திறந்தால் இல்லையே என்றார். செர்வா பத்து முறை திறந்தாள், மூடினாள். அவளுக்கு ஒருமுறைகூட அந்தச் சக்கரம் காட்சி தரவில்லை. ஊர் முழுக்கச் சேர்ந்து பொய் சொல்லுமா? இல்லை, தன் கண்தான் தன்னை ஏமாற்றுகிறதா? எதிர்த்தெருவில் போட்டியாகச் சாவுச் சுவரொட்டி அடிக்கும் கடைக்காரன்மேல் சந்தேகம் வந்தது. அவன் அத்தை செய்வினை வைப்பவள் என்று கேள்விப்பட்டது வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது.

பக்கத்தில் கைப்பேசி உறை விற்கும் பரிமா எட்டிப் பார்த்தான். "அக்கா, யாரோ ஹேக் பண்ணிட்டான்னு போட்டு விடு. எல்லாரும் பாவம்பாங்க. ஆனா ஒண்ணு, அப்டேட் மட்டும் பண்ணிடாதே. எல்லாம் உடைஞ்சு போயிடும்."

அப்டேட் செய்ய என்ன இருக்கிறது? சாவுத் தேதிகளை வரிசையாகக் காட்டும் அந்தச் செருகுநிரலை, வலைப்பூவோடு சேர்த்துப் பொருத்தும் அந்தச் சின்ன நிரலை, பரிமாதான் வாட்ஸப் குழு ஒன்றிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தான். "ஒரிஜினல்தான்க்கா, காசு கேக்கற பூட்டை மட்டும் உடைச்சிருக்காங்க" என்றான் அப்போது. அன்றிலிருந்து அது ஒருமுறைகூடப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டதில்லை. மற்றவர்களுடையதெல்லாம் வாராவாரம் நச்சரிக்கும்போது தன்னுடையது நல்ல பிள்ளையாகக் கிடக்கிறதே என்று செர்வாவுக்குப் பெருமைகூட உண்டு.

வேறு வழி தெரியாமல், அந்தச் செருகுநிரலில் இருந்த முகவரியைத் தேடி, அதை எழுதியவருக்கே தன் எண்ணோடு கோபமாக ஒரு செய்தி அனுப்பினாள்: உங்களால் ஒரு சாவு அவமானப்பட்டது.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. எழுதியவர் ஏதோ வெளிநாட்டு ஆள் என்று நினைத்திருந்தாள். பேசியது உள்நாட்டிலேயே, தமாலேயிலிருந்து ரஹினாத்து என்ற பெண். பின்னால் குழந்தை அழும் சத்தம்.

"அக்கா, முதல்ல உங்க பக்கத்துலேருந்து வெளிய வந்துட்டு, வேற யாராவது போன்ல தேடித் திறந்து பாருங்க."

செர்வா பரிமாவின் கைப்பேசியைப் பிடுங்கித் திறந்தாள். மாமே டென்டா சிரித்தார். அவர் கன்னத்தின்மேல் ஒரு மஞ்சள் சக்கரம் ஏறிச் சுழன்றது.

"வந்துச்சா? உள்ள நுழைஞ்சு வேலை பாக்கறவங்களுக்கு அது காட்டாது. மத்தவங்களுக்கும் ஒரு தடவை காட்டிட்டு ஒளிஞ்சுக்கும். தளத்துக்குச் சொந்தக்காரி கண்டுபிடிக்கக் கூடாதுல்ல? அது போகட்டும், உங்ககிட்ட இருக்கறது எத்தனாவது பதிப்புக்கா?"

"ஒன்பது புள்ளி ஒன்பது."



"நான் நாலாவது பதிப்பையே போன மாசம்தான்க்கா முடிச்சேன். திருடினவன் ஒன்பதுன்னு போட்டு வெச்சிருக்கான். அப்பத்தான் நான் எத்தனை புதுசு விட்டாலும், நம்மகிட்ட இருக்கறதுதான் ரொம்பப் புதுசுன்னு உங்க தளம் நினைச்சுக்கும். அதான் அப்டேட்டே கேக்கல."

செர்வா பரிமாவின் கைப்பேசியை அவன் கையில் திருப்பித் திணித்தாள்.

"ஒண்ணு கேக்கலாமாக்கா? உங்க படத்துக்கெல்லாம் குறுக்க உங்க பேரை எழுதியிருக்கீங்களே, எதுக்கு?"

"திரு..." செர்வா எச்சிலை விழுங்கினாள். "திருடிடுவாங்கன்னு."

ரஹினாத்து சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. எதையெல்லாம் நீக்க வேண்டும், எந்தக் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். செர்வா அன்றே எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டு, உண்மையான பதிப்பைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டாள். இரண்டு நாளில் அது ஒரு புதுப்பிப்பு வேண்டும் என்று கேட்டது. இந்த முறை அவள் அதை நச்சரிப்பு என்று நினைக்கவில்லை.

சனிக்கிழமை, மைதானமெங்கும் சிவப்பும் கறுப்பும். செர்வா நேராக ஆம்பொன்சாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கூடாரத்துக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்து கேட்டார்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? பாஸ்டரம்மா அதோ முன்வரிசைல உக்காந்திருக்காங்க. மைக்கைப் பிடி."

ஹேக்கர் என்று சொல்லிவிடலாம். கேட்பவர்கள் நம்பியும் விடுவார்கள். செர்வா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, பூமாலைக்குள் இருந்த மாமே டென்டாவைப் பார்த்தாள்.

"ஆம்பொன்சா மாமா சூதாடல. இந்த அம்மா படத்துல அந்தச் சக்கரம் சுத்தினதுக்கு நான்தான் காரணம். ஒரு பொண்ணு கஷ்டப்பட்டு எழுதினதை, எவனோ பூட்டை உடைச்சுக் கொடுத்தான்னு எடுத்துப் போட்டுக்கிட்டேன். சும்மா கிடைச்சுதுன்னு சந்தோஷப்பட்டேன். அது சும்மா இல்ல. நான் கொடுக்காத விலையை இந்த அம்மாவோட மானம் கொடுத்துச்சு, மாமாவோட மானம் கொடுத்துச்சு. மன்னிச்சிடுங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஆம்பொன்சா எழுந்து ஒலிவாங்கியை வாங்கி, முன்வரிசையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "எல்லாருக்கும் கேட்டுச்சா?"

பாஸ்டரம்மா குனிந்து சிரித்தார். அப்புறம் கூடாரம் முழுக்கச் சிரித்தது. ஆம்பொன்சா சிரிக்கவில்லை. "அக்கா பேரு உன் பக்கத்துலயே இருக்கட்டும்" என்று மட்டும் செர்வாவிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வெளியே பரிமா அவள் பின்னாலேயே ஓடி வந்தான். "ரொம்ப தேங்க்ஸ்க்கா, என் பேரைச் சொல்லாம விட்டுட்டே."

"உன் பேரு எதுக்குடா? நீ நீட்டினே, நான் வாங்கினேன். வாங்கறதுக்கு என்னை மாதிரி ஆளு இருக்கற வரைக்கும், எவனோ ஒருத்தன் பூட்டை உடைச்சுக்கிட்டுத்தான் இருப்பான். முதல்ல நாம வாங்கறதை நிறுத்தணும்."