பச்சைக் கடலிலிருந்து வந்த மத்தி

கணபதி பகுதியில் பிரவீனாவின் வீட்டுப் பூனைக்கு வெள்ளச்சி என்று பெயர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மத்தி மீன் ஆய்ந்தபோது தலைகளையும் குடலையும் வழக்கம்போல வெள்ளச்சிக்குப் போட்டாள். மீனை மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்தாள். கணவன் கிருபாசங்கர் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு லேத் பட்டறைக்குப் போனான்.

மதியம் துணி எடுக்கப் பின்பக்கம் போனபோது வெள்ளச்சி நிற்க முடியாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. வாயில் எச்சில் ஒழுகியது. எதையோ தேடுவதுபோலத் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தது. அதைக் கூடையில் வைத்து ஸ்கூட்டரில் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டர் பூஜிதாவிடம் ஓடினாள். ஊசி போட்டும் பலனில்லை. மேசைமேலேயே வெட்டிவெட்டி இழுத்து அடங்கிப்போனது.

என்ன தின்றது என்று டாக்டர் விசாரித்தார். மத்திக் குடல் என்றாள். மண்டபம் ஊர்ப் பக்கம் கடலில் பாசி பெருகித் தண்ணீர் பச்சையாகிக் கிடப்பதாகச் செய்தி பார்த்ததாக டாக்டர் சொன்னார். சில பாசிகளில் விஷம் உண்டு, அதைத் தின்னும் சின்ன மீன்களின் குடலில் அது தங்கும், ஆனால் இது அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, எலி மருந்தாகவும் இருக்கலாம் என்றார். வயிற்றிலிருந்து மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புவதாகச் சொன்னார். பிறகுதான் கேட்டார்.

"நீங்க அந்த மீனைச் சாப்பிட்டீங்களா?"

பிரவீனாவுக்கு உதடு மரத்ததுபோல இருந்தது. கேட்பதற்கு முன்பே மரத்திருந்ததா, கேட்ட பிறகுதானா என்று அவளுக்கே விளங்கவில்லை.

நேராகப் பட்டறைக்குப் போய்க் கணவனைப் பிடித்தாள். "ஏனுங்க, உங்களுக்கு ஒதடு கிதடு மரத்த மாதிரி இருக்குதுங்களா?"

கிருபாசங்கர் நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தான். "இத்தன நேரம் ஒண்ணுமில்ல அம்மணி. நீ கேட்டதுக்கப்புறம் இருக்கற மாதிரிதான் தெரியுது."

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாடி பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், உட்கார வைத்துக் கவனித்தார்கள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் பூனை ஏன் செத்தது என்று அங்கே யாரைக் கேட்பது? வெளியே வந்தபோது பிரவீனாவுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆத்திரத்தை வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. மீன் விற்ற தல்ஹாவின் நினைவு வந்தது. கணவனையும் அழைத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனாள்.

தல்ஹா மிச்சமிருந்த மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் கை அப்படியே நின்றது. அவன் வீட்டிலும் அன்றைக்கு அதே மத்திதான். மனைவியும் அவனும் சாப்பிட்டிருந்தார்கள். அவன் உடனே மனைவிக்குப் போன் போட்டு விசாரித்தான். நன்றாக இருப்பதாக அவள் சொன்னாள். பிறகு, மண்டபத்திலிருந்து மீன் அனுப்பும் கதிரேசன் சற்று முன்புதான் அனுப்பியிருந்த வீடியோவைக் காட்டினான்.

கரையெல்லாம் பச்சை நுரை. செத்த மீன்கள் நுரையோடு ஏறி இறங்கின. ஒரு பெரிய ஆமை கழுத்தை நீட்டிக் கிடந்தது. அதை இருவர் கயிறு கட்டி இழுத்தார்கள். சற்றுத் தள்ளி ஒரு கடல்பசு, கன்றுக்குட்டி அளவு, வயிறு மேலாகக் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"எதனாலன்னு கேட்டேனுங்க்கா," என்றான் தல்ஹா. "சாக்கடைத் தண்ணிங்கறாங்க, எறால் பண்ணைங்கறாங்க, வெயில்ங்கறாங்க. வருசாவருசம் வர்றதுதான்னும் சொல்றாங்க. நான் யாரைப் போய்க் கேக்கறதுங்க?"

திட்ட வந்தவள் போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். செத்த ஆமையைப் பார்த்த பிறகு தன் பூனைக்காக அழுவதா, இதற்காக அழுவதா என்றும் தெரியவில்லை.

தல்ஹா மிச்ச மீனைக் குப்பையில் கொட்டப் பெட்டியைத் தூக்கினான். பிரவீனா தடுத்தாள். "அங்க போட்டா நாயும் காக்காயும் திங்குமுங்க தம்பி."

பட்டறைக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் குழி தோண்டலாம் என்று கிருபாசங்கர் சொன்னான். அவனும் தல்ஹாவும் மாறிமாறி மண்வெட்டி போட்டார்கள். பிரவீனா சுண்ணாம்பு கொண்டுவந்து தூவினாள். மீன்கள் அப்போதும் பளபளவென்றுதான் இருந்தன. கெட்டவை என்று சொல்லவே முடியாது. ஒருவேளை நல்ல மீனைத்தான் புதைக்கிறோமோ என்று கிருபாசங்கர் கேட்டான். மூவரும் மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

லேபிலிருந்து பதில் வந்ததும் பூஜிதா கூப்பிட்டார். எலி மருந்து இல்லை. பாசி விஷத்தைச் சோதிக்க அவர்களிடம் வசதியில்லை. அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் தல்ஹா அணை மீன் மட்டுமே விற்றான். பிறகொரு நாள் பிரவீனா கடைப்பக்கம் போனபோது அவனே கூப்பிட்டான். கடல் பழைய நிறத்துக்கு வந்துவிட்டதாம். பாசி எப்படிப் போனதென்றும் அங்கே யாருக்கும் தெரியவில்லையாம். படகுகள் இறங்கிவிட்டன என்று கதிரேசன் சொன்னதாகச் சொன்னான்.

"மத்தி வரச் சொல்லட்டுங்களாக்கா?"

வேண்டாம் என்றால் இவன் பிழைப்பு என்னாவது? வேண்டும் என்றால் எதை நம்பிச் சொல்வது? ஸ்கூட்டரை அணைக்காமலே நின்றாள்.

"எனக்குத் தெரியலீங்க தம்பி. உங்க வீட்டுக்கு நீங்க எடுப்பீங்களா?"

தல்ஹா தராசைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். "அதைத்தானுங்க நானும் ரெண்டு நாளா யோசிச்சுட்டு இருக்கறேன்," என்றான்.